வாடைக்கு முன் ஒரு வாள்

பற்றரி வாள் விற்கிற தொழிலில் பற்றரிக்கு முன்னால் தீர்ந்துபோவது விற்கிறவளின் பொறுமைதான்.

கடையில் நின்று பிழைக்கிற என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கதவைத் திறக்கும்போதே கால் உளையத் தொடங்கிவிடும் நமக்கு. நான் நிற்பது திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் உள்ள ஒரு ஹாட்வெயார் கடையில். ஆணி, கயிறு, வள்ளத்துக்குப் பூசுகிற பெயின்ற் என்று பேசாமல் விற்றுக்கொண்டிருந்தவளை, பற்றரியில் ஓடுகிற செயின் வாள்கள் வந்து இறங்கியதும் முதலாளி அந்தப் பக்கம் மாற்றிவிட்டார். பெட்டிக்குள் இருந்த விளக்கப் புத்தகத்தை நான் எடுத்து வாசித்ததுதான் காரணம். கடையில் வேறு யாரும் அந்தப் பிழையைச் செய்யவில்லை.

கச்சான் என்கிற தென்மேல் காற்று அடங்கி, மழையோடு வாடை தொடங்குவதற்கு இடையில் ஊரே அண்ணாந்து, எது விழும் என்று தன் வீட்டு வளவு மரங்களைப் பார்க்கும். அந்த நாட்களில் எனக்குத் தேத்தண்ணி குடிக்கவும் நேரம் இராது. வருகிறவர்களிடம் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: வெட்டப் போகிற கொப்பு எவ்வளவு தடிப்பு? ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மீனைத் தவறவிட்டவர்கள் போலக் கையை அகல விரித்துக் காட்டுவார்கள். அதற்காக ஒரு வழி வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் கொப்பைச் சுற்றி ஒரு கயிற்றைப் போடுங்கள், சுற்று முடிகிற இடத்தில் அறுத்துக்கொண்டு வாருங்கள் என்பேன். அந்தக் கயிற்றை மூன்றாக மடித்தால் கிட்டத்தட்டக் கொப்பின் தடிப்பு. அதை வாளின் அலகோடு வைத்துப் பார்ப்பேன். அலகு மூன்று விரல் கூடுதலாக நீண்டிருந்தால் அதுதான் அவர்களுக்கான வாள். இதற்குப் படிப்பு ஒன்றும் தேவையில்லை.

எனக்கும் ஒரு மரம் இருக்கிறது. கப்பல்துறைக் கிராமத்தில் எங்கள் வளவில் நிற்கிற வாகை. அதன் கொப்பு ஒன்று, மகள் நிரோஷி படிக்கிற அறையின் அஸ்பெஸ்ரஸ் கூரைச் சீற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. உயர்தரப் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படிக்கிறாள். எழுதுவதும் மனப்பாடம் செய்வதும் மேசையில் தலையை வைத்து நித்திரையாவதும் அந்தக் கொப்புக்கு நேர் கீழேதான். வாடைக்கு முன் அதை இறக்கியாக வேண்டும். இனி நான் சொல்லப் போகிற ஒவ்வொரு வியாபாரத்தின்போதும் என் மனம் அந்தக் கொப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் போடாத சாமான்

வீதி, பாலம் கட்டுகிற வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர் மடிப்புக் குலையாத காற்சட்டையுடன் வந்தார். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். தான் பாலம் கட்டின ஆள் என்றும் கண்ணே தனக்குக் கயிறு என்றும் சொல்லிவிட்டார். சரி என்று நடுத்தரமான வாள் ஒன்றில் பற்றரியைப் போட்டுக் கையில் கொடுத்தேன். விசையை அமத்தினார். குசினியில் தேங்காய்ப்பூ அடிக்கிற மெசின் அளவுக்குத்தான் அது சத்தம் போட்டது. மனிதரின் முகம் விழுந்துவிட்டது.

புகை இல்லை, பெற்றோல் இல்லை, கிளப்புவதற்குக் கயிறு இழுத்து இழுத்துத் தோள்மூட்டுக் கழலத் தேவையில்லை, வீட்டு வளவுக்கு இது தாராளம் என்று வாய் வலிக்கச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். திரும்பவும் அமத்தினார். பிறகு அதைப் பக்குவமாக மேசையில் வைத்துவிட்டு, பெற்றோல் வாள்கள் இருந்த தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "சத்தம் இல்லாட்டி மரத்துக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும், வெட்டுறம் எண்டு?"

கட்டாரிலிருந்து ஒரு கண்

கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் வந்தார். சொன்னபடி கயிற்றைக் கொண்டுவந்த ஒரு சிலரில் ஒருவர். ஆனால் கையில் கயிற்றோடு ஒரு ஃபோனும் இருந்தது. ஃபோனுக்குள் கணவர், கட்டாரில் வேலைத்தலத்தில், தலையில் மஞ்சள் தொப்பியோடு. வாள் ஒவ்வொன்றையும் நான் ஃபோனுக்கு முன்னால் தூக்கிக் காட்ட வேண்டும். இன்னும் கிட்டக் காட்டுங்க, திருப்பிக் காட்டுங்க, அதுக்குப் பக்கத்தில இருக்கிறதைக் காட்டுங்க என்று மனிதர் என் முதுகை முறித்துவிட்டார். கடைசியில் கடையிலேயே நீளமான வாளைக் கேட்டார். வெட்ட வேண்டியதோ மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குள் சாய்ந்திருக்கிற முருங்கை. முருங்கை பருத்தால் தூணாகுமா? கயிற்றை மடித்துப் பார்த்தால் உள்ளதிலேயே சின்ன வாளுக்கே அந்தத் தடிப்புக் காணாது.

இதைச் சொன்னேன். கடைக்காரர் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றார் ஃபோனுக்குள் இருந்தவர். சின்னதை விற்றால் எனக்கு என்ன இலாபம் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தப் பெண் ஃபோனைத் திருப்பிக் கடையின் மின்விசிறியைப் பார்க்க வைத்தார். கணவர் மின்விசிறியோடு கதைத்துக்கொண்டிருக்க, என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "அவர் இனி நோன்புக்குத்தான் வருவார், முருங்கை அதுவரைக்கும் நிக்காது மிஸ். சின்னதையே கட்டித் தாங்க."

தலைக்கு வைக்கிற எண்ணெய்

செயினுக்கு விடுவதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லிக் கனவிலும் சொல்கிறேன் என்று மகள் சொல்கிறாள். ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு அண்ணை வாங்கிப்போன வாளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். ஓடுகிறதாம், ஆனால் இடைக்கிடை திணறுகிறதாம். மூடியைக் கழற்றினேன். உள்ளே எறும்பு. ஒன்றிரண்டு என்றால் ஊதிவிடலாம். அங்கே குடும்பம், முட்டை, சமையல் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து புட்டுமா மாதிரி இறுகியிருந்தது. மணந்து பார்த்தேன். அசல் தேங்காய் எண்ணெய்.

மேசை முழுக்க எறும்பு ஓடத் தொடங்கியது. முதலாளி தூரத்தில் நின்று என்னைத்தான் முறைத்தார். அண்ணை கடைக்காரரை ஏமாற்றுகிற ஆள் இல்லை, நல்ல மனிதர். கடையில் கொடுத்த எண்ணெய் கறுப்பாகவும் நாற்றமாகவும் இருந்ததால் புது மெசினுக்கு அதை விட மனம் வரவில்லையாம். நான் பல் தூரிகையால் பல்லுப் பல்லாகத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் நின்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "வீட்டில ஆட்டின எண்ணெய் மிஸ், நாங்கள் தலைக்கு வைக்கிறது. மெசினுக்கு ஒண்டும் செய்யாது, எறும்புக்குத்தான் பிடிச்சுப்போச்சு."

வீட்டிலுள்ள வாடிக்கையாளர்

இவ்வளவு பேரையும் சமாளித்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே ஒருவர் காத்திருப்பார். என் கணவர் ஸ்ரான்லி. பாடசாலை வான் ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு மத்தியானம் திரும்ப ஏற்றும் வரைக்கும் வானுக்குள் சாய்ந்திருந்து, பனியில் நிற்கிற மரங்களைத் தாடிக்கார வெள்ளைக்காரர்கள் வெட்டுகிற வீடியோக்களைப் பார்ப்பார். பின்னேரம் நான் செருப்பைக் கழற்றும் முன்னமே எனக்குப் பரீட்சை தொடங்கிவிடும். பதினான்கு அங்குலமா பதினாறா, வோல்ற் எத்தனை, பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும். பகல் முழுவதும் சொன்னதையே மறுபடியும் சொல்லுவேன்: எங்கள் கொப்புக்குப் பன்னிரண்டு அங்குலம் காணும், பற்றரி இரண்டாக எடுப்போம், கயிற்றைச் சுற்றிப் பாருங்கள். கயிறு என்றதும் சிரிப்பார். வெள்ளைக்காரன் யாராவது கயிறு கொண்டு திரிகிறானா என்பார். இதைவிட நல்லது அடுத்த மாதம் வரப் போகிறது என்பார்.

நீயே ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. முன்பு ஒருமுறை சுவரில் துளை போடுகிற மெசின் ஒன்றைக் கொண்டுபோனேன். தான் தெரிவு செய்யாத சாமான் என்று அது இன்னும் அலுமாரிக்கு மேலே பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. கூலிக்கு ஆள் பிடிப்போம் என்றால், வாள் விற்கிறவளின் வீட்டுக்குக் கூலியாளா என்று ஊர் சிரிக்குமாம். ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஈச்சிலம்பற்று அண்ணை முதல் கிண்ணியாப் பெண் வரைக்கும் என்னிடம் கேட்டுத்தானே வாங்குகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்றேன். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள், நானோ ஒரே வீட்டு மாடு. அவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "விக்கிற ஆக்கள் தங்கட சாமானைத்தான் நல்லது எண்டுவினம். நீரும் விக்கிற ஆள்தானே."

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது உண்மை. பாத்திரம் கழுவுகிற சாட்டில் அழுது முடித்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு மேசையைச் சுவரோரம் இழுக்கச் சொன்னேன். சுவரோரம் இருட்டு அம்மா என்று அவள் இழுக்கவில்லை.

முதல் காற்று

அந்த வருடம் வாடை கொஞ்சம் முந்திவிட்டது. காலை பத்து மணிபோல் கடைக்கு வெளியே தொங்கவிட்டிருந்த வாளிகள் எல்லாம் வீதியில் உருண்டன. துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர் என் முன்னால் நின்றார். கொப்பை முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் மேலே அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை உரிந்து உங்கள் பக்கமே வரும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. நிரோஷி. அவள் அழவில்லை. குரல்தான் மெலிந்து, யாரோ வேறு பிள்ளை கதைப்பது போல இருந்தது. கொப்பு விழுந்துவிட்டதாம், சீற்றை உடைத்துக்கொண்டு மேசைக்கு மேல் கிடக்கிறதாம். தண்ணீர் குடிக்கக் குசினிக்கு வந்திருந்தாளாம்.

எங்கேயும் காயமில்லையா, எங்கேயும் காயமில்லையா என்று எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. கையில் இருந்த வாளை மேசையில் வைக்கவும் எனக்குத் தெரியவில்லை, அந்த மனிதர்தான் வாங்கி வைத்தார். மாதாவே, ஒரு கிளாஸ் தண்ணீர். அந்த ஒரு கிளாஸ் தண்ணீருக்குத்தான் என் பிள்ளை எழும்பிப் போயிருக்கிறாள். முதலாளி ஓட்டோ பிடிக்க ஆள் அனுப்பினார். துறைமுகத்துக்காரர் எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். கேட்கலாமா கூடாதா என்று தயங்கிவிட்டு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் கேட்டார்: "மிஸ், அப்ப உங்கட வீட்டில வாள் இல்லையோ?"

மூன்றாக மடித்த கயிறு

நான் வீட்டுக்குப் போனபோது ஸ்ரான்லி அறைக்குள் நின்றார். மேசை இரண்டாகப் பிளந்திருந்தது. கதிரையின் முதுகு இருந்த இடத்தில் கொப்பு கிடந்தது. அவர் அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாசலில் நின்ற நிரோஷியை இழுத்து அணைத்துக்கொண்டேன். அயல் வீட்டுக்காரர் கைவாளோடு வந்து அறுத்துப் பார்த்தார், அது பாதியில் இறுகி நின்றுவிட்டது. உடைந்த கூரைக்கு மேல் நீல நிறத் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைக் கட்டினோம். குசினிப் பக்கம் இன்னொரு கொப்பு சாய்ந்து நிற்பதை அப்போதுதான் நானும் அவரும் மகளும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தோம்.

அடுத்த நாள் காலை கடையில் சனம் நிறைந்திருந்தது. காற்று அடித்தால்தான் எல்லோருக்கும் வாள் ஞாபகம் வரும். ஒருவருக்குச் செயின் இறுக்கிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் வரிசையில் அடுத்த ஆள் ஸ்ரான்லி. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறார் போல, வான் எதிரே நின்றது. நான் கடைக்கு வர முன்னம் கேட்டிருக்கலாம், வீட்டிலேயே கேட்டிருக்கலாம். மற்றவர்களைப் போலத் தன் முறை வரும் வரைக்கும் நின்றிருக்கிறார். ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். காற்சட்டைப் பைக்குள் இருந்து எங்கள் வீட்டு உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "மூண்டா மடிச்சுக்கொண்டுதான் வந்தனான். இனி நீர் சொல்லும்."

ஊரில் எவருக்கும் வாயால் சொல்லி ஒரு வாளை விற்றுவிடலாம், வீட்டுக்காரருக்கு விற்பதென்றால் முதலில் கூரை உடைய வேண்டியிருக்கிறது.