மாமனார் கொடுத்த பெட்டிக்கு இறக்குமதி வரி

என் மனைவியின் அக்கார்டியனில் முப்பத்தேழு கட்டைகள், எண்பது பித்தான்கள். ஜெர்மனியில் செய்த பெட்டி. எங்கள் கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா கொடுத்தது. டிசம்பரில் அருவங்காட்டில் எங்கள் சபையார் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கீதம் பாடிப் போகும்போது, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பவள் அவள்தான்.

மலை ஈரத்தில் அதன் துருத்தி பிய்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருவரிடம் காட்டினோம். இருவரும் கையை விரித்தார்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் லீவு முடிந்து போகும்போது தன்னோடு எடுத்துப்போய், அங்கே ஒரு பட்டறையில் கொடுத்தார். சரிசெய்து கூரியரில் அனுப்பினார்கள்.

பெட்டி வரவில்லை, வரிக் கணக்கு வந்தது. காப்பீட்டுக்காகப் பட்டறைக்காரர் எழுதிய மதிப்பை, நான் வாங்கிய விலை என்று சுங்கத்துறையினர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பென்ஷனில் பாதிக்கு மேல் கட்ட வேண்டும். அது போக, பெட்டியைச் சுங்கத்தில் காட்டியதற்குக் கூரியர்காரர் கூலி, வைத்திருந்ததற்கு வாடகை, அந்த இரண்டுக்கும் தனியாக வரி. நான்கு முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலூட்டியது.

எங்கள் கல்யாணப் படத்தை அனுப்பினேன். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே நாற்காலியில் அந்தப் பெட்டி இருக்கும். படம் போதாது, நாட்டைவிட்டு வெளியே போனதற்கான சான்று வேண்டும் என்று பதில் வந்தது.

என்னிடம் அது இல்லை. தொழிற்சாலை கேட்டில் பாஸ் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ரிப்பேருக்குப் போகும் ஸ்பேனரைக்கூட, ‘திரும்பி வரும் பொருள்’ என்று பாஸ் எழுதாமல் வெளியே விட்டதில்லை. சொந்தப் பெட்டி விமானம் ஏறியபோது மட்டும், கூரியர் செலவு மிச்சம் என்று மகிழ்ந்து சும்மா இருந்துவிட்டேன்.

என் மனைவி மெதுவாகக் கேட்டாள். “ஏனுங்க, உங்க கேட்டுல நான் ஒரு ஸ்பேனரத் தூக்கிட்டு வந்து, இது எங்க ஊட்டுதுன்னு சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன். ஆனா உன்னோட ஸ்பேனருக்கு உங்கிட்டயே வரி கேட்டிருக்க மாட்டேன்.”

வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பெட்டி ஜெர்மனிக்கே திரும்பிவிடும் என்றார்கள். கீதம் பாடப் போவது சனிக்கிழமை. துருத்தி பிய்ந்த நாளிலிருந்து அவள் விரல்கள் சாப்பாட்டு மேசையில் வாசித்துக்கொண்டிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. கட்டினேன். ‘எதிர்ப்புத் தெரிவித்தே கட்டுகிறேன்’ என்று கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகுதான் கூரியர் அலுவலகத்தைவிட்டு இறங்கினேன்.

சனிக்கிழமை பனியில் பதினெட்டு வீடுகள் ஏறி இறங்கினோம். ஒரு கட்டைகூடப் பிசகவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரிக் கதையைச் சொன்னேன். ஏழாவது வீட்டுக்குப் பிறகு போதகர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய முதல் மனு தள்ளுபடியாகிவிட்டது. இப்போது மேல்முறையீடு.

“போனது போச்சுங்க. பொட்டிதான் வந்திருச்சில்ல” என்கிறாள் அவள்.

பெட்டி அவளுடையது, அது வந்துவிட்டது. வழக்கு என்னுடையது. மேல்முறையீட்டுப் படிவத்தில், பொருளை யாரிடம் வாங்கினீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. ‘மாமனாரிடம்’ என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தப்போவதில்லை.