வலது காலில் ஓடும் விமானம்

மகன் ஆசையாகப் போட்டுக் கொடுத்த விமானத்தை மிஷினக்கா மறுநாள் காலையில் எழுந்ததும் அழித்துவிட்டாள். பல் தேய்த்த கையோடு செய்த முதல் வேலை அதுதான்.

மிஷினக்கா என்றுதான் தெருவே அவளைக் கூப்பிடும். முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஆயுசில் பாதியை அதன் முன்னால் கழித்தவள். பள்ளி திறக்கும் சமயத்தில் சீருடை, மற்ற நாளில் விமான இருக்கைகளுக்கு உறை. ஒரு கம்பெனி துணியை வெட்டி அனுப்பும், இவள் தைத்துக் கொடுப்பாள். அந்த இருக்கை ஒன்றில்கூட அவள் உட்கார்ந்ததில்லை. அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டும் இருக்கவில்லை. மகன் தன் பழைய கம்ப்யூட்டரை அவள் தலையில் கட்டியபோது அதற்குள் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று கிடந்தது. என்னதான் இது என்று தொட்டவளை அது விடவில்லை. தையல் முடிந்தால் வானம் என்று ஆகிவிட்டது.

பிறகு பக்கவாதம் வந்து இடது கையைக் கொண்டுபோனது. இடது கால் ஏதோ பேருக்கு இருந்தது. துணியைப் பிடித்துக் கொடுக்க இன்னொரு கை இல்லாமல் என்னத்தைத் தைப்பது? மிஷினை மூடி வைத்தாள். வீட்டில் எல்லோரும் அவளிடம் குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். வாதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், இதைப் பொறுக்க முடியவில்லை.

விமானத்தை மட்டும் விடவில்லை. விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் வலது கையில் இருந்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவருக்கு இடது கை வேண்டுமே? மேசைக்கடியில் விளையாட்டுக்கென்று வாங்கிய இரண்டு பெடல்கள் இருந்தன. அவற்றின் நுனியை மிதித்தால் அந்தந்தப் பக்கச் சக்கரத்துக்கு பிரேக் பிடிக்கும். வலது பெடலின் நுனிக்கு எஞ்சின் வேகத்தைக் கொடுத்து, பிரேக்கை ஸ்டிக்கில் இருந்த ஒரு பட்டனுக்கு மாற்றிக்கொண்டாள். காலால் வேகம் கொடுப்பது அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அப்படியே ஒரு குட்டி விமானத்தை அலுக்கும்வரை ஓட்டினாள். அடுத்து பெரிய பயணிகள் விமானம் வேண்டும் என்றாள்.

அதற்குத்தான் மகன் ஒன்றைப் பிடித்து வந்து போட்டான். கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தானே திறந்து தானே மூடும் கதவு மாட்டுவது அவன் வேலை. உலகமே அப்படி இருந்துவிட்டால் அவனுக்கு நிம்மதி. அவன் போட்ட விமானத்திலும் ஒரு பட்டனைத் தட்டினால் எஞ்சின் கிளம்பும், இன்னொன்றைத் தட்டினால் விமானம் தானே ஏறித் தானே இறங்கும்.

"நீ சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா போதும்மா."

"அதுக்கு எதுக்கு நான்? என் போட்டோவ நாற்காலியில வச்சிட்டுப் போ."

"கோவப்படாத. ரெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல? அப்புறம், ஞாயித்துக்கிழமை கட்டில் வருது. இந்த மேசை, பெடல் எல்லாத்தையும் எடுத்துட்டு இங்கயே போட்டுரலாம். தலைப்பக்கம் தானா ஏறி இறங்கும். பட்டன் இருக்கு."

பட்டன் என்றதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் முன்னறையில், பகல் வெளிச்சத்தில், வருவோர் போவோர் எல்லாம் பார்த்து உச்சுக்கொட்டும்படி படுத்துக் கிடப்பதா? மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக அவன் போட்டதை அழித்தாள்.

அடுத்து, தனக்கான விமானத்தைத் தேட உட்கார்ந்தாள். இணையத்தில் ஆண்கள் எதன் எஞ்சின் சத்தம் அசல்போல் இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் ஒவ்வொரு விமானத்தின் படத்திலும் இருக்கைகளைப் பார்த்தாள். ஒன்றில் உறைக்குத் தையலே இல்லை, மாவு பிசைந்து வைத்ததுபோல் இருந்தது. இன்னொன்றில் தையல் நட்டநடுவே ஓடியது. அதில் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் பிரிந்துவிடும். மூன்றாவது, முள் காட்டும் மீட்டர்கள் உள்ள பழைய விமானம். உறையின் ஓரத்தில் இரட்டைத் தையல் சுத்தமாக ஓடியது, தலை சாயும் இடத்துத் துணி மடிய வேண்டிய இடத்தில் மடிந்திருந்தது. சீட்டுக்கே இவ்வளவு மெனக்கெட்டவன் மற்றதில் ஏமாற்றமாட்டான் என்று முடிவு செய்தாள்.

"இது ரொம்பக் கஷ்டம்னு போட்டிருக்கே அத்தை," என்றாள் மருமகள்.

"கஷ்டமா இருக்கட்டும். நீ வாங்கிக் குடு."

மருமகள் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தாள். மிஷினக்கா அந்தக் கோப்பை இறக்கிப் பிரித்து உரிய இடத்தில் போட்டு விளையாட்டைத் திறந்தால், விமானத்தைக் காணவில்லை. மறுபடி போட்டாள். அப்போதும் இல்லை. திறந்து பார்த்தால் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர், உறைக்குள் உறை. உள்ளே இருந்ததை மட்டும் வெளியே எடுத்துப் போட்டதும் வந்து நின்றது.

சுவிட்ச் சுவிட்சாகப் போட்டு எஞ்சினைக் கிளப்பி, காலை அழுத்தினாள். எஞ்சின் உறுமியது. விமானம் முன்னால் போகாமல் வலப்பக்கமாகச் சுற்றியது. இன்னும் அழுத்தினாள், இன்னும் சுற்றியது. அன்று முழுக்கச் செக்குமாடுதான். காற்றைக் குறை சொன்னாள், சக்கரத்தைக் குறை சொன்னாள், தன் காலையே சந்தேகப்பட்டாள். மகன் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நிமிஷம் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள்தான் உறைத்தது. புது விமானம் வந்தால் விளையாட்டு அதற்கென்று புதிதாக ஒரு அமைப்பைப் போட்டுக்கொள்ளும். அதில் பெடல் நுனி மறுபடி பிரேக் ஆகியிருந்தது. இவள் அதை எடுக்காமலேயே அதன் மேல் எஞ்சினையும் ஏற்றியிருந்தாள். ஒரே மிதியில் எஞ்சினும் ஓடி, வலது சக்கரத்துக்கு பிரேக்கும் பிடித்தால் விமானம் சுற்றாமல் என்ன செய்யும்? "என் காலு நல்லாத்தான் இருக்கு," என்று அறையிடம் சொல்லிவிட்டு அந்த பிரேக்கை நீக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டில் வந்தபோது அவள் ஆகாயத்தில் இருந்தாள். ஓடுபாதை எதிரே தெரிந்தது. கட்டிலின் பாகங்களைத் தூக்கி வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"அம்மா, எந்திரி. அவங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். இப்ப என்னால நிறுத்த முடியாது."

பக்கவாட்டுக் காற்றில் ஒரு இறக்கை தாழ்ந்தது. மகன் பதறிப்போய் விசைப்பலகைப் பக்கம் கையை நீட்டினான்.

"இரு, நான் நேராக்கித் தரேன்."

"கைய எடு."

அப்படி ஒரு குரலை அவன் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. கையை எடுத்துக்கொண்டான். அவள் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து, துணியின் முனை வந்ததும் மிஷினில் வேகம் குறைப்பதுபோல் காலை இம்மியிம்மியாகத் தளர்த்தினாள். கொஞ்சம் சீக்கிரமே தளர்த்திவிட்டாள். விமானம் தரையில் மோதி எகிறியது, மறுபடி மோதியது, திரை முழுக்க ஆடியது. பாதையின் ஓரத்தை உரசிக்கொண்டு போய் ஒருவழியாக நின்றது.

"இடிச்சிருச்சேம்மா," என்றான் மகன்.

"தானா இடிக்கல. நான் இடிச்சேன்." அவள் மூச்சு வாங்கினாள், முகமெல்லாம் வேர்வை. "எத்தன நாளாச்சு தெரியுமாடா நான் ஒண்ண இடிச்சு? எதையாவது தொட்டாத்தான இடிக்க முடியும்?"

மருமகள் உள்ளே போய் அறைக் கதவைத் திறந்து வைத்தாள்.

மிஷினக்கா வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"தம்பி, கட்டில உள் ரூம்ல போடுங்க. ராத்திரி படுத்துக்கிறேன். பகல்ல எனக்கு இங்க வேலை இருக்கு."