பதினான்கு எண்ணிக்கை மௌனம்

1. மூன்றோடு முடிந்த அரங்கேற்றம்

நான் எழுதிய ஒரு சேர்ந்திசையில் ஓரிடத்தில் பதினான்கு எண்ணிக்கைக்கு யாரும் பாடக் கூடாது. எதுவும் வாசிக்கக் கூடாது. முதல் அரங்கேற்றத்தில் அந்த மௌனம் மூன்று எண்ணிக்கைதான் உயிரோடு இருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயில் திருவிழா. வளாகத்தில் பந்தல். பாடகர் குழுவில் இருபத்துநான்கு பேர், வயலின் இரண்டு, கீபோர்டு ஒன்று. பாட்டு மொத்தம் நூற்றெண்பத்தாறு ‘பார்’ என்னும் தாளக் கட்டங்கள். நூற்றெழுபதாவது பாரில் நான்கு வகைக் குரல்களும் உச்சத்துக்குப் போய், ‘எங்களுக்குச் செவிகொடும்’ என்று மூன்றாம் முறையாகக் கேட்டுச் சட்டென்று நிற்க வேண்டும். தாளம் மிஸ்ர சாபு, அதாவது ஆவர்த்தனத்துக்கு ஏழு எண்ணிக்கை. அடுத்த இரண்டு ஆவர்த்தனமும் காலி. கடிகாரத்தில் பத்தரை விநாடி. பிறகு பேஸ் என்னும் அடிக்குரல் பாடும் ஆறு பேர் மட்டும் மெதுவாக ‘ஆமென்’ என்று தொடங்குவார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அது. உண்மையைச் சொன்னால், அந்தப் பத்தரை விநாடிக்காகத்தான் மற்ற பார்களையெல்லாம் எழுதினேன்.

நான் கையைத் தூக்கினேன். குழு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மைக் செட் பாண்டி எழுந்து ஓடிவந்தார். மைக்கை விரலால் தட்டினார்.

“ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ!”

கூட்டம் நிம்மதியாக மூச்சுவிட்டது. முன்வரிசையில் ஒருவர், இப்போது கேட்கிறது என்று அவருக்குக் கையைக் காட்டினார். பேஸ் பாடுபவர்களில் நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். மீதி இரண்டு பேர் ஆமென் பாடினார்கள்.

பந்தல் காலியானதும் பாண்டியைப் பிடித்தேன்.

“என்னப்பா இப்படிப் பண்ணிட்ட?”

“சத்தம் கட்டாயிருச்சு சார். இருவது வருசமா தொழில் பண்றேன், நம்ம செட்டு ஒருநா கூட இப்படி நின்னதில்ல. வெலவெலத்துப் போச்சு எனக்கு.”

“கட்டாகல. பாட்டே அப்படித்தான். அது மௌனம்.”

பாண்டி பந்தல் கம்பங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “சும்மா இருக்கிறதுக்கா சார் எங்கிட்ட நாலு ஹாரன் கட்டச் சொன்னீக?”

2. சீப்பும் குழாயும்

இப்போது இசை எழுத வருகிறவர்கள் கணினியில் எழுதுகிறார்கள். நான் எழுதிய விதத்தையும் சொல்லிவைக்கிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இசை வேலை காலை ஐந்து மணியிலிருந்து ஆறு நாற்பது வரை. சாப்பாட்டு மேசை, பழைய கால் ஹார்மோனியம், பென்சில் நான்கு, அழிப்பான் இரண்டு. ஐந்து கோடு போட்ட இசைத்தாள் எங்கள் ஊரில் கிடைக்காது. ஐந்து பால்பாயிண்ட் ரீஃபில்களை ஒரு மரச் சீப்பில் வரிசையாகக் கட்டி, ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பில் ஐந்து கோட்டையும் போட்டுவிடுவேன். பக்கத்துக்குப் பன்னிரண்டு இழுப்பு. நடு ரீஃபிலில்தான் மை முதலில் தீரும். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு மெட்டு முதலில் வராது. எண்ணிக்கைதான் வரும். எத்தனை பார், எங்கே ஏற்றம், எங்கே நிறுத்தம் என்று கட்டம் போட்டுவிட்டுத்தான் ஸ்வரத்துக்குப் போவேன். ஒரு காலையில் நான்கு பார் எழுதினால் நல்ல நாள். மறுநாள் அவற்றில் மூன்றை அழிப்பேன்.

தண்ணீர் வரும் நாளில் ஒரு பார்கூட எழுத முடியாது. அப்போதெல்லாம் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தெருக்குழாயில் தண்ணீர். முதலில் காற்று மட்டும் சீறிக்கொண்டு வரும். பிறகு சீறலும் நின்றுவிடும். குழாய் செத்ததுபோல் இருக்கும். அதன்பிறகே தண்ணீர். சீறல் நிற்பதற்கும் தண்ணீர் விழுவதற்கும் இடையில் குடத்தோடு நிற்கும் ஒருவரும் பேச மாட்டார்கள். வரிசைச் சண்டைகூட அந்தச் சில விநாடிக்கு நிற்கும். பதினோரு முறை எண்ணிப் பார்த்தேன். குறைந்தது ஒன்பது, அதிகபட்சம் இருபத்திரண்டு, சராசரி பதினான்கு. என் பாட்டின் மௌனம் அங்கிருந்துதான் வந்தது.

எழுதியதை நகலெடுக்க பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்குப் போனால் வேறொரு கணக்கு.

“மியூசிக் போடுவீகளா சார்? எந்தப் படம்?”

“படமில்லப்பா.”

“சீரியலா?”

“அதுவும் இல்ல.”

“பெறகு எதுக்கு சார் இம்புட்டு எழுதிருக்கீக?”

ஓய்வு பெறும்வரை முப்பத்தெட்டுப் பேர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

3. நிலக்கோட்டையில் டீச்சர் காட்டிய இரக்கம்

திருவிழா முடிந்த வாரத்தில் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். சென்னையில் ஒரு சேர்ந்திசைக் குழுவை நடத்தும் அம்மையாருக்கு, எனக்குத் தெரியாமலே என் நோட்டேஷனை அனுப்பியிருக்கிறார். அம்மையார் பதில் எழுதியிருந்தார்: பாட்டு பிடித்திருக்கிறது. குழுவினர் கேட்டுப் பார்க்க ஒரு பதிவு வேண்டும். மாத முடிவுக்குள் கேசட் கைக்கு வந்தால் தவக்காலக் கச்சேரியில் பாடுவோம்.

எனக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. முப்பது வருடமாக எழுதியவற்றில் ஒன்றுகூட எங்கள் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. மாத முடிவுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. கேசட் போனால் பாட்டு சென்னைக்குப் போகும். போகாவிட்டால் அலமாரிக்குப் போகும். அலமாரியில் ஏற்கெனவே நூற்றுப்பதினேழு இருந்தன.

நிலக்கோட்டைக் கோயிலில் எங்கள் குழுவைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேயே பதிவு செய்துவிடலாம் என்று டேப் டெக்குடன் பாண்டியையும் அழைத்துப் போனேன். அன்று பாண்டி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். குழு நின்றது. நான்காவது எண்ணிக்கையில் கீபோர்டில் ஒரு மணியோசை மெல்லப் புறப்பட்டு, படி இறங்குவதுபோல் இறங்கி, ஆமென் வாசலில் கொண்டுபோய் விட்டது. பாண்டி என்னைப் பார்த்து, ‘நான் இல்லை’ என்று தலையை ஆட்டினார்.

கீபோர்டு வாசித்தவர் எங்கள் பள்ளி ஜெயசீலி டீச்சர். திரும்பும் பஸ்ஸில் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே நின்றபடி கேட்டேன்.

“அந்த எடத்துல என்ன வாசிச்சீங்க டீச்சர்?”

“காலியா இருந்துச்சு சார். பாக்கப் பாவமா இருந்துச்சு.”

“காலியா இருக்கணும்னுதான எழுதியிருக்கேன்?”

“சரிதான் சார். ஆனா கோயில்ல கீபோர்டு நின்னா எங்கம்மா நேரா என்னையத்தான் பாப்பாக. மறந்துட்டேன்னு நெனைப்பாகல்ல?”

பின்னாலிருந்து பாண்டி சொன்னார்: “அடுத்த தடவ அந்த எடம் வந்தா ப்ளக்க உருவிருவேன் டீச்சர்.”

“எங்க, உருவித்தான் பாருங்களேன்.”

4. நான்கு மணி முதல் ஐந்து மணி வரை

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. எங்கள் கோயில் நான்கிலிருந்து ஐந்து வரை எங்களுக்கு. ஐந்துக்குப் பிறகு மறுநாள் திருமணத்துக்கு அலங்காரம் செய்ய ஆட்கள் வந்துவிடுவார்கள். மறுபடி கூடவும் வழியில்லை. டெனர் என்னும் ஆண் மேல்குரல் பாடுபவர்களில் இருவர் அன்று மாலையே கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறார்கள். திங்கட்கிழமை கேசட்டை கூரியரில் போட்டால்தான் சரியான நாளில் சேரும்.

கதவுகள் ஏழையும் சாத்தினோம். மின்விசிறிகள் ஒன்பதையும் நிறுத்தினோம். பாண்டி ஒரே மைக்கைக் குழுவுக்கு முன்னால் நிறுத்தினார். அதை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று, நடத்துகிற நான் அதன் பக்கத்திலேயே ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டேன்.

முதல் முறை, எட்டாவது எண்ணிக்கையில் வெளியே ஐஸ் வண்டி மணி அடித்தது. இரண்டாம் முறை, பதினொன்றில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடும் ஒரு பிள்ளை தும்மியது. தும்மிய பிள்ளை அழுதேவிட்டது. மணி நான்கு நாற்பது. மூன்றாம் முறை தொடங்கினோம்.

‘செவிகொடும்’ என்று கூரைவரை போய் நின்றது. வண்டி இல்லை, தும்மல் இல்லை. டீச்சர் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தார். பாண்டி கண்ணை மூடிக்கொண்டார். இருபத்துநான்கு பேர் முகத்திலும் வேர்வை வழிந்தது, ஒருவரும் துடைக்கவில்லை. சரியாகப் பதினான்கு முடிந்ததும் ஆறு பேரும் ஒரே ஆள்போல ‘ஆமென்’ எடுத்தார்கள். அப்படி ஒரு எடுப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்குப் போய் ஐந்து இட்லி சாப்பிட்டேன். வழக்கமாக மூன்று.

5. கேசட்டில் ஒரு குரல்

ஞாயிறு காலை, இரண்டாம் பூசை முடிந்து பாண்டி கேசட்டோடு வீட்டுக்கு வந்தார். ஜெயசீலி டீச்சரும் வந்திருந்தார். என் மனைவி ரெஜினா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். பாண்டியின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நல்ல பதிவு கிடைத்த சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

டேப் ஓடியது. ‘செவிகொடும்’ என்று மூன்றாம் முறை கேட்டு நின்றது. பிறகு கோயில் முழுக்க எதிரொலிக்கும் கிசுகிசுப்பில் ஒரு ஆண் குரல்:

“ஒண்ணு… ரெண்டு… மூணு…”

நான் எல்லோரையும் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பாண்டி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“…பன்னெண்டு… பதிமூணு… பதினாலு.”

ஆமென்.

“யாரது?” என்றேன்.

“யாரோ தெரியலயே,” என்றாள் ரெஜினா. “கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கு.”

“நான் மனசுக்குள்ளதான எண்ணுனேன்?”

“உங்க மனசு தெருமுனை வரைக்கும் கேக்கும். மாடிப்படி ஏறுனா எண்ணுறீங்க, முட்டை வாங்குனா எண்ணுறீங்க. செபமாலை சொல்லும்போது நீங்க எண்ணுறதுல எனக்குக் கணக்கு தப்பிப்போகுது.”

“ஏன் டீச்சர், இத்தன ஒத்திகையில ஒருத்தர்கூடச் சொல்லலயே?”

“சொல்லுவானேன் சார்? நீங்க எண்ணுறத வச்சுத்தான பேஸ்காரங்க எடுக்கிறாங்க. நீங்க வாய மூடுனா ஆமென் வராது.”

பாண்டி காபி டம்ளரைக் கீழே வைத்தார். “நானாச்சும் மூணோட நிறுத்துனேன் சார். நீங்க பதினாலு வரைக்கும்ல மைக் டெஸ்டிங் பண்ணிருக்கீக.”

நான் சிரிக்கவில்லை. மற்ற மூவரும் சிரித்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு பாண்டிக்கே மனம் கேட்கவில்லை.

“அந்த எடத்த மட்டும் அழிச்சிருவமா சார்? ரெக்கார்டு பட்டன அமுக்கி, பத்து செகண்டுல விட்டுருவேன்.”

“பத்தரை.”

“பாத்தீகளா, இதுக்குத்தான் கை நடுங்குது.”

விரல் அரை விநாடி தாமதித்தால் ஆமெனில் பாதி போய்விடும். அந்த எடுப்பு இன்னொரு முறை கிடைக்காது. என் மானத்தையும் ஆறு பேரின் ஆமெனையும் ஒரு மணி நேரம் மாற்றி மாற்றி எடைபோட்டுப் பார்த்தேன். கடைசியில் மானத்தை விட்டுக்கொடுத்தேன். திங்களன்று கேசட்டோடு இரண்டு பக்க விளக்கம் எழுதினேன். ரெஜினா அதைப் படித்துவிட்டு ஒரு வரி போதும் என்றாள். ‘எண்ணும் குரல் பாட்டில் சேராது. மன்னிக்கவும்.’

6. அழித்த எண்

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. ‘பாடுகிறோம்’ என்பதுதான் முதல் வரி. அடுத்து எழுதியிருந்தார்: ‘எண்ணும் குரலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் குழுவில் ஐந்து பேர் வாதாடுகிறார்கள். மறுத்துவிட்டேன். ஆனால் தாளில் 14 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்து எங்கள் ஆட்களும் உதட்டை அசைக்கிறார்கள். எண்ணிக்கொண்டிருப்பவர் காத்திருப்பவராகத் தெரியவில்லை. அந்த எண்ணை எடுத்துவிடலாமா?’

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு தண்ணீர் நாட்களின் சராசரி அது! நான்காம் நாள் குழாயடிக்குப் போய் நின்றேன். சீறல் நின்றது. குடத்தோடு நின்ற முகங்களைப் பார்த்தேன். அங்கே எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

வீட்டுக்கு வந்து அழிப்பானை எடுத்தேன். 14 இருந்த இடத்தில் ஃபெர்மாட்டா போட்டேன். அரைவட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும். நடத்துபவர் விரும்பும்வரை நிற்கலாம் என்று பொருள். எண் இல்லாமல் நான் எழுதிய முதல் குறி.

கச்சேரிக்கு நானும் பாண்டியும் சென்னைக்குப் போனோம். கேட்டே தீருவேன் என்று அவரேதான் கிளம்பிவந்தார். அந்த இடம் வந்தது. அம்மையார் கையைத் தூக்கி நிறுத்தினார். நான் நாக்கைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டேன். பாண்டியின் கை என் முழங்காலை இறுகப் பற்றியது. எழுந்து ஓடாமலிருக்க அவருக்கு ஒரு பிடி தேவைப்பட்டது. அரங்கில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை. பிறகு, குழாயில் தண்ணீர் விழுந்ததுபோல, ஆமென் வந்தது.

இசை எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஸ்வரத்தை எழுதிக்கொடுத்தால் யாராவது பாடிவிடுவார்கள். மௌனம் எழுதினால், அதைக் கெடுப்பவன் யார் என்று மேடை முழுக்கத் தேடுவதற்கு முன்னால் உங்கள் வாயில் கை வைத்துப் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் ரெஜினா கேட்டாள். “எவ்வளவு நேரம் நின்னாங்க? உங்க பதினாலு வந்துச்சா?”

“தெரியல.”

“என்னது?”

“எண்ணல.”

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.