பருத்திப்பட்டில் திறந்த நான்கு பாட்டில்கள்

அருவி, மலைக்கோவில், காட்டுப் பாதை என்று எழுதும் இந்தத் தளத்தில் ஒயின் பற்றி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. நம் ஊரில் ஒயின் ஷாப் என்ற பெயருக்கே வேறு பொருள். அந்தப் பொருளோடு வளர்ந்தவள் நான். என் அப்பா குடித்தே செத்தவர். சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்ததும் நான் ஓடிப்போய் கையைப் பிடித்துக்கொள்வேன். பாசத்தால் இல்லை. அன்றைக்கு வாசனை இருக்கிறதா என்று பார்த்துவந்து அம்மாவிடமும் அண்ணனிடமும் சொல்வது என் வேலை.

போன டிசம்பரில், நான் பாடம் நடத்தும் பள்ளியின் அரையாண்டு விடுமுறையில், கம்பத்திலிருந்து ஆவடிக்கு அருகிலுள்ள பருத்திப்பட்டுக்குப் போய்வந்தேன். என் அண்ணன் முருகேசன் அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தான். பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்துவிட்டான். ஐம்பத்தொரு வயது. எட்டு வருடம் நான் அவனோடு பேசவில்லை. சாவுக்குப் போனபோதுகூட எரித்து முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன், அன்று மாலையே திரும்பிவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளின் காதணி விழாவுக்கு அவன் நாசிக்கிலிருந்து ஒரு ஒயின் பாட்டில் கொண்டுவந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் உணவுக்கான எசன்ஸ் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவனுக்கு. நாள் முழுக்க முகர்ந்து பார்ப்பதுதான் தொழில். அதில் வந்த ஆசைதான் இது என்று எனக்குப் புரியவைக்கப் பார்த்தான். நான் கேட்கவில்லை. பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றினேன். "அப்பா மாதிரியே வந்து நிக்கிற. இனிமே என் வாசல மிதிக்காத" என்றேன். அவன் காலி பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அதன்பின் வரவில்லை.

நவம்பர் கடைசியில் அண்ணி போன் செய்தார். பெயர் வசந்தா. வீட்டைக் காலி செய்துவிட்டு வேப்பம்பட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டுப் பக்கத்திலேயே குடிபோகப்போவதாகச் சொன்னார். "அங்க ஏசி கிடையாது செல்வி. அவர் வச்சிருந்த பாட்டில் நாலு மீதி இருக்கு. சூட்டுல கெட்டுடும்னு அவரோட ஃப்ரெண்டு காதர் பாய் சொல்றாரு. தூக்கிப் போட மனசு வரலை. நீங்க வந்தா திறந்துடலாம்" என்றார். ஏன் நான் என்று கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்குக் கம்பத்தில் பஸ் ஏறி ஏழு மணிக்குப் போடி. அங்கிருந்து இரவு எட்டரைக்குச் சென்னை ரயில். வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, கிளம்பும் முன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பர் நானூற்றுச் சொச்சம். காலையில் விழித்தபோது வண்டி ஆவடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அங்கே நிற்காது. போகவேண்டிய இடத்தை ஜன்னல் வழியே விட்டுவிட்டு சென்ட்ரல் வரை போய், பக்கத்திலேயே இருக்கும் மூர் மார்க்கெட் நிலையத்தில் பத்து ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து மின்சார ரயிலில் திரும்பி வரவேண்டும். ஒன்பதரைக்கு ஆவடியில் இறங்கினேன்.

பருத்திப்பட்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு ஒப்புக்கொண்டார்.

"ஏரியாண்ட எந்த ஊடுமா?"

"எங்க அண்ணன் வீடு. ஏரிக்கு எதிர்ல பச்சைக் கேட்டுன்னு சொன்னாங்க."

"அண்ணன் ஊட்டுக்கே வழி கேட்டுகினு வர்றியே" என்று சிரித்தார். தப்பாக ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. சாவுக்கு வந்த அன்று யாரோ காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததில் வழி மனதில் நிற்கவில்லை. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டேன். மழைக்குப் பிந்திய நாட்கள், தண்ணீர் கரை வரை நின்றது. நடைபாதையில் ஆட்கள் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். அவனும் அங்கேதான் நடந்திருப்பான்.

அண்ணி இட்லி வைத்திருந்தார். பாதி வீடு அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கிடந்தது. பின்பக்கச் சின்ன அறையின் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. நாலு பாட்டில்கள் மர அலமாரியில் படுத்திருந்தன. வேறு எதுவும் அந்த அறையில் இல்லை.

"பத்து மாசமா ஏசிய நிறுத்தலை" என்றார் அண்ணி. "கரண்ட் போனா போர்வைய நனைச்சுப் போத்திவிடுவேன். பில்லு மட்டும் கேட்காதீங்க. இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அவர் பத்திரமா பார்த்துக்கிட்டாரு, அவ்ளோதான்."

பதினோரு மணிக்கு காதர் பாய் வந்தார். பூந்தமல்லியில் அத்தர் கடை வைத்திருப்பவர், அண்ணனின் வயதுதான். கம்பெனிக்கு ஏதோ பூச்சாறு விஷயமாகப் போனபோது பழக்கமாகி, பத்து வருடமாக மாதம் ஒரு ஞாயிறு காலையில் இங்கே வந்து உட்கார்வாராம். சாப்பாட்டுக்கு முன்னால்தான் மூக்கும் நாக்கும் கூர்மையாக இருக்குமாம்.

"நீங்க குடிப்பீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

"நானா? நமக்கு ஹராம்மா அது. மோந்து மட்டும் பார்ப்பேன். என் மூக்கு, உங்க அண்ணன் நாக்கு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஆளு."

அண்ணி ஆறு கண்ணாடிக் கோப்பைகளும் ஒரு எவர்சில்வர் சொம்பும் கொண்டுவந்து வைத்தார். சொம்பு எதற்கு என்று கேட்டேன்.

"துப்பறதுக்கு" என்றார். "வாயில வச்சு சுத்திட்டு இதுல துப்பிடுவாரு. உங்களுக்குத் தெரியாதா? எல்லாம் முடிஞ்சப்புறம் பிடிச்சதுல ஒரு வாய் முழுங்குவாரு. ஒரு வாய்தான். மீதிய நான் மீன் குழம்புக்கு எடுத்துக்குவேன்."

எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

இனி ஒப்பிட்டுப் பார்த்த விஷயம். இப்படிச் செய்ய நினைப்பவர்களுக்கு இது பயன்படலாம். முதல் இரண்டும் நாசிக், ஒரே திராட்சை, ஷிராஸ். ஒன்று 2018-ல் செய்தது, மற்றது 2021-ல். மூன்றாவது பெங்களூருக்கு மேலே நந்தி மலைப் பக்கத்தது, காபர்னே என்ற வேறு திராட்சை, 2019. நான்காவதில் லேபிள் இல்லை, சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தது.

இரண்டு ஷிராஸையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, வெள்ளைக் காகிதத்துக்கு மேல் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார் பாய். 2021 நாவல்பழச் சாறு மாதிரி ஓரம் வரை கறுத்திருந்தது. 2018 ஓரத்தில் செங்கல் நிறம். வயசு ஓரத்தில்தான் முதலில் தெரியுமாம். முகர்ந்தபோது புதியதில் எனக்கு மிளகும் நாவல்பழமும் வந்தன. பழையதில் முதலில் எதுவும் வரவில்லை. பாய் கோப்பையைச் சுழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அத்திப்பழம் கீது. பழைய தோல் பை வாசனை கொஞ்சம். ஆனா இது எறங்கிப்போச்சும்மா. ரெண்டு வருஷம் முன்ன திறந்திருக்கணும்."

வாயில் வைத்தேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை. புதியது நாக்கை இழுத்துப் பிடித்தது, கடுக்காய் மென்ற மாதிரி. பழையது மெல்லிசாக, தண்ணீர் கலந்தது போல ஓடிப்போனது. இரண்டையும் சொம்பில் துப்பினேன். நந்தி மலைக்காரன் வேறு மாதிரி. அறுத்த குடைமிளகாய் வாசனை, பின்னால் புகையிலை. மேட்டு நிலம், குளிர்ந்த ராத்திரி, அதனால் புளிப்பு நன்றாக நிற்கிறது என்று அண்ணன் சொல்வானாம். மூன்றிலும் அதுதான் உயிரோடு இருந்தது. பாய்க்கும் அதே கருத்து. அவர் மூன்று தடவை முகர்ந்துவிட்டு நாலாவது தடவை முகராமல் கோப்பையைக் கீழே வைத்தார். "இதுக்கு அவன் இன்னா சொல்வான்னு தெரியும்" என்றார். 

நாலாவது பாட்டிலை அண்ணி எடுத்துவந்தார். காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியில் அண்ணனின் கையெழுத்து. கம்பம், 2022.

நான் அதையே பார்த்தேன். "இது எப்படி?" என்றேன்.

அண்ணி பாயைப் பார்த்தார். பாய் சொம்பை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"நான்தான் கார் ஓட்டிக்கினு போனேன். அவனுக்குப் பன்னீர் திராட்சை வேணும்னான். மார்க்கெட்ல கீதேடான்னேன். கேக்கலை. உங்க ஊர்லியே தோட்டத்துல இருபது கிலோ வாங்கினோம். பம்ப் செட்டுக்கு ஊதா பெயிண்ட் அடிச்ச தோட்டம். அப்புறம் உங்க தெருவுக்கு உடச் சொன்னான். எதிர்ல வண்டிய நிறுத்தினேன்."

"வீட்டுக்கா?"

"உங்க ஊட்டுக்குத்தான். ஒரு மணி நேரம் உக்காந்துகினு இருந்தான். உள்ள லைட்டு எரியுது, யாரோ பாத்திரம் கழுவுற சத்தம். போய் பெல் அடி நைனா, தங்கச்சிதானேன்னு சொன்னேன். 'வேணாம் பாய். கதவத் திறந்ததும் அவ என் மேல அப்பா வாசனையத் தேடுவா'ன்னான். வண்டிய எடுன்னுட்டான்."

அண்ணி கார்க்கைத் திருகப் பார்த்தார், வரவில்லை. பாய் வாங்கித் திறந்தார்.

வீட்டில் செய்த ஒயின் மூன்று வருடம் தாங்குவது அரிது. ஊற்றும்போதே காடி வாசனை எழுந்தது. பாய் முகர்ந்தார், முகத்தைச் சுளிக்கவில்லை. மறுபடி முகர்ந்தார்.

"புளிச்சுப்போச்சு. ஆனா அடியில பன்னீர் கீது, ரோஜா. பாரும்மா."

பார்த்தேன். முதலில் மூக்கைக் குத்தியது. கோப்பையைக் கையில் சூடேற்றிக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்தேன். அப்புறம் வந்தது. சித்திரை மாதத்தில் எங்கள் ஊர்த் தெருவில் வண்டி வண்டியாகப் பழம் போகும்போது வரும் வாசனை. அவனும் நானும் வண்டிக்குப் பின்னால் ஓடி உதிர்ந்ததைப் பொறுக்கியிருக்கிறோம்.

"இது உங்களுக்குன்னு வச்சிருந்தாரு" என்றார் அண்ணி. "என்னைக்காவது வருவா, அப்போ திறக்கலாம்னு. கெட்டுப்போகுதுன்னு அவருக்கே தெரியும். ரெண்டாவது வருஷமே சொன்னாரு, வசந்தா, இது தாங்காதுன்னு. இருந்தாலும் திறக்கலை."

அந்தக் கோப்பையில் இருந்ததை நான் துப்பவில்லை. தொண்டை எரிந்தது. இருமினேன், இருமலோடு அழுகையும் வந்துவிட்டது. அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். சாவுக்கு வந்தபோது நான் அவரிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை. அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த அறையைப் பெருக்கினோம். அண்ணி ரிமோட்டை எடுத்து ஏசியை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளிச் சூடு மெல்ல உள்ளே வந்தது. மாலை வரை ஏரிக்கரையில் நடந்தோம். இரவு சென்ட்ரலிலிருந்து பத்தரைக்குக் கிளம்பும் வண்டியில் திரும்பினேன்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நாசிக்கிலும் நந்தி மலைப் பக்கமும் தோட்டத்திலேயே சுவைக்கக் கொடுப்பார்களாம், அங்கேயே பார்ப்பது நல்லது. வெளி மாநிலப் பாட்டிலைக் கொண்டுவருவதற்கும் வீட்டில் செய்வதற்கும் இங்கே சட்ட விதிகள் உண்டு, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில், சாப்பாட்டுக்கு முன்னால், ஒரே வகையின் இரண்டு வருடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். துப்புவதற்குப் பாத்திரம் வையுங்கள், வண்டி ஓட்டவே ஓட்டாதீர்கள். சென்னைச் சூட்டில் எந்த ஒயினும் பரணில் தாங்காது. வைக்க வைக்க நன்றாகும் என்பது மிகச் சிலவற்றுக்குத்தான். நம் கைக்கு வரும் பாட்டில்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்துக்குள் திறக்க வேண்டியவை.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் அந்த ஊதா பம்ப் செட் தோட்டத்தைத் தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. சுருளிப்பட்டி சாலையில், நான் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகும் வழியிலேயே இருந்தது. தோட்டக்காரர் பந்தலுக்குக் கீழே குலை வெட்டிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து ஒருவர் வந்து இருபது கிலோ வாங்கிப் போனது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"குலை குலையா மோந்து பார்த்து வாங்குவாரே, அவரா? ஏன் இல்லாம? மூணு வருசமா பங்குனிக்குப் பங்குனி வந்துருவாருல்ல. மொத வருசந்தான் இருவது கிலோ. பெறகெல்லாம் பஸ்ஸுல வருவாரு, ஒரு கிலோ வாங்குவாரு. இதுக்கா இம்புட்டுத் தூரம்னு கேட்டா சிரிப்பாரு. காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்து அந்தா அந்தக் கல்லுல உக்காந்து ரோட்டப் பார்த்துக்கிட்டே இருப்பாரு. பள்ளிக்கூடத்துல மணி அடிக்கவும் எந்திருச்சுப் போயிருவாரு. இந்த வருசந்தான் ஆளக் காணோம்."

நான் அந்தத் தோட்டத்தைத் தாண்டுவது காலை எட்டே முக்காலுக்கு. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுவேன்.

"அவரு உங்களுக்கு என்ன வேணும் டீச்சர்?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றேன்.