நடுக்கடலில் விழுந்தவர்கள்

கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அமராவதி, ஏழாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த, விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் புகைப்படத்தைத் தினமும் துடைப்பாள். படத்தில் முக்கால்வாசி கடல். மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் படகோடு காணாமல் போய் ஆறு வருஷம். தேடப் போனவர்கள் ஐந்தாம் நாளே கையை விரித்துவிட்டார்கள்.

“இத யாரு டீச்சர் புடிச்சது?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நெலாவுக்குப் போறப்ப எடுத்தாங்கக்கா, மூணு பேரு,” என்றாள் சுவேதா டீச்சர்.

“ஊடு வந்து சேந்தாங்களா?”

“வந்தாங்களே! நடுக்கடல்லதான் வந்து உழுந்தாங்க. கப்பல் முன்னாடியே போயி நின்னுச்சு. ஒரு மணி நேரத்துல மூணு பேரையும் தூக்கிட்டாங்க.”

அமராவதியின் கைத்துணி அந்த நீலத்திலேயே நின்றுவிட்டது.

“கைய விரிச்சவங்கள வுட்டுட்டு, ஆறு வருஷமா கடலப் போயி மண்ண வாரித் தூத்திக்கிட்டு இருந்தேனே டீச்சர்,” என்றாள்.