ஷிப்டு முடிந்ததும் ஒரு குழாய் இரத்தம்

இராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரை வழிமறித்து, "ஒரு குழாய் இரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்று கேட்பதுதான் என் தொழில். நீங்களும் இராத்திரி வேலைக்காரர் என்றால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் யாராவது மணி என்ன என்று கேட்டால்கூட நாம் எரிந்து விழுவோம்.

பினாங்கில் பகலில் தூங்குகிறவர்கள் தனி இனம். நானும் அந்த இனம்தான். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் பல வருடம் ஜாகா வேலை, அதாவது காவல்காரன். தூக்கம் வராத பகல்களில் கிருமி, காய்ச்சல், தடுப்பூசி என்று கையில் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். மனசு ஓரிடத்தில் உட்காராதவனுக்கு மடியில் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்த வாசலில்தான் டாக்டர் நளினி ஒரு நாள் வந்து நின்றார். அவருக்கு இருந்தது ஒரே கேள்வி. இராத்திரி கண்விழிக்கிறவர்கள் உடம்பில் ஃபுளூ ஊசி மற்றவர்களுக்குப் போலவே பிடிக்கிறதா, இல்லை நம் உடம்பு அதையும் தூக்கக் கலக்கத்தில் மறந்துவிடுகிறதா? ஆளுக்கு மூன்று தடவை இரத்தம் எடுக்க வேண்டும். ஊசிக்கு முன்னால், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. மூன்றாவது தடவை வராவிட்டால் முதல் இரண்டும் வீண். "இவங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மூணாவது தடவையும் கூட்டிட்டு வர்றது உங்க வேலை. வர்றீங்களா?" என்றார். மறுமாதம் ஜாகா சட்டையைக் கழற்றினேன்.

தவமணி கேட்ட விலை

தவமணி நிபோங் திபாலில் இருந்து பாலம் தாண்டி, கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர். அவர் வீட்டுக்காரருக்குப் போன வருடம் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளாமல் இருக்க ஒரு மாத்திரை. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிடும், தடுப்பூசியும் அப்படிப்பட்ட உடம்பில் அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் கூட இருப்பவர்கள் கட்டாயம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னது அவ்வளவுதான். தவமணியோ அதற்கு மேலும் நாலடி போய்விட்டார். இருமுகிறவர்களோடு இராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிறோமே என்ற பயத்தில், வேலை முடிந்து வந்தால் ஹாலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வது. சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பது. பேச்சென்றால் முகமூடி போட்டுக்கொண்டு ரெண்டு வார்த்தை. தன் உடம்பில் ஊசி பிடித்தது என்று தெரிந்தால்தான் உள்ளே போவேன் என்று பிடிவாதம். எங்கள் ஆராய்ச்சியிலோ தனித்தனி ஆளுக்கு முடிவு சொல்வதில்லை என்பது சட்டம். அதைச் சொன்னேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்:

"மூணு வாட்டி நான் ரத்தம் தர்றேன் அண்ணே. மூணாவது வாட்டி நீங்க எனக்கு ஒரு வார்த்தை தரணும். பிடிச்சிச்சா, பிடிக்கலையா. அவ்வளவுதான்லா."

எனக்குப் பட்டாளம் இல்லையா?

படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும். லாரி ஓட்டும் செல்வம் ஊசி போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். விடுவேனா? உங்கள் உடம்புக்குள் ஒரு பட்டாளம் இருக்கிறது, ஊசி என்பது எதிரியின் படத்தைக் காட்டுவது மாதிரி, படத்தைப் பார்த்ததும் பட்டாளம் கிளம்பும், அந்த ஆர்ப்பாட்டத்தில்தான் சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும் என்று கை காலெல்லாம் ஆட்டி விளக்கினேன். எங்களோடு வந்து ஊசி போடும் நர்ஸ் அக்காகூடப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

மறுநாள் காலையில் செல்வம் லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது. இராத்திரி முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். சூடு இல்லை, வலி இல்லை, ஒன்றும் இல்லை. காய்ச்சல் வராமலும் ஊசி பிடிக்கும், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்பதாயில்லை. மறு கையை நீட்டினார்:

"மறைக்காம சொல்லுங்க அண்ணே, எனக்கு மட்டும் பட்டாளமே இல்லையா? இந்தக் கையில ஒண்ணு போட்டு எழுப்பிப் பாருங்க!"

நுரை

தொழிற்சாலைக்காரர்கள் மட்டும் போதாது, வேறு இராத்திரி வேலைக்காரர்களும் வேண்டும் என்றார் டாக்டர். நேராகச் சூலியா தெருவுக்குப் போனேன். அங்கே காதர் பாய் கடையில் சாயங்காலம் முதல் விடியும்வரை தே தாரிக் இழுப்பது அவர்தான். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, நடுவில் தேநீர் ஒரு துணி மாதிரி நீளும், கோப்பையில் நுரை பொங்கும். எந்தக் கையில் ஊசி போடலாம் என்று நர்ஸ் அக்கா கேட்க, "அதிகம் வேலை இல்லாத கையில" என்று நான் வழக்கம்போல எடுத்துக் கொடுத்தேன். பாய் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். டீ இழுக்கிறவருக்கு வேலை இல்லாத கை எது? கடைசியில் இடது கை என்று முடிவானது. உயரத் தூக்குகிற கை அதுதான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் போனபோது, தேநீர் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வர மறுத்தது. வலி ஒரு நாள்தான் பாய், நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன். வாடிக்கையாளர்கள் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பாய் கோப்பையை என் முன்னால் வைத்தார்:

"தம்பி, உங்க ஊசி கிருமிய நிறுத்துதோ இல்லையோ, என் நுரைய நிறுத்திருச்சு. குடிங்க, நீங்களே குடிங்க."

விரதமும் ஊசியும்

ஆறாவது மாதம் வந்து நின்ற இடம் தைப்பூசம். யாரும் இதை யோசித்து வைக்கவில்லை. கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லோகன் வருடா வருடம் தண்ணீர்மலைக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறவர். மூன்றாவது இரத்தத்துக்குக் கூப்பிட்டால், விரதத்தில் இருக்கிறேன், உடம்பிலிருந்து இரத்தம் சிந்தக்கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் கையை இழுத்துக்கொண்டார்கள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு விசாரித்துவிட்டு, இரண்டு வாரம் தள்ளி எடுத்தாலும் கணக்கில் சேரும் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

தைப்பூசம் முடிந்த வாரம் லோகன் சொன்னபடி வந்தார். கன்னத்தில் அலகு போன இடம் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. நர்ஸ் அக்கா ஊசியை வைத்ததும் குழாயில் இரத்தம் சரசரவென்று ஏறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் பரிதாபமாக என் பக்கம் திரும்பினார்:

"முதுகில கொக்கி, கன்னத்தில வேலு, ஒரு சொட்டு வரல அண்ணே. உங்ககிட்ட மட்டும் இப்படிக் கொட்டுது. நீங்களும் ஒரு வாட்டி விரதம் இருந்து குத்திப் பாருங்கலா!"

தவமணி வரவில்லை

லோகன் வந்தார், செல்வம் வந்தார், பாயும் வலது கையை நீட்டிக்கொண்டு வந்தார். தவமணி வரவில்லை. பஸ் வரிசையில் பிடித்துக் கேட்டேன். "வார்த்தை எங்க அண்ணே?" என்றார், ஏறிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பஸ் போன பிறகு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு குழாய் போனால் போகட்டும். அந்த அம்மா இப்போது போய் ஹாலில் பாயை விரிப்பாரே என்பதுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் சட்டத்தைக் காட்டவில்லை. இந்த மாதிரி ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் குழு ஒன்று இருக்கிறது, அவர்களிடம் போய் நின்றார். கேட்கிறவர்களுக்கு மட்டும், ஒரு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்வதானால் சொல்லலாம் என்று அனுமதி வந்தது. அன்று டாக்டர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சொன்னது:

"நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்த இராத்திரி வேலைக்காரங்க திருப்பிக் கேட்டதை எல்லாம் வச்சு இன்னொரு ஆராய்ச்சியே பண்ணலாம்."

அந்த ஒரு வார்த்தை

தள்ளிவைத்த நாள்கள் முடிவதற்குள் தவமணி வந்து இரத்தம் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து டாக்டர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பிடிச்சிருக்கு" என்றார். உடனே, இது காய்ச்சலே வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, இருமல் இருந்தால் தள்ளியிருங்கள், அடுத்த வருடம் மறுபடி ஊசி போடுங்கள், எதற்கும் வீட்டுக்காரரின் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அடுக்கினார். தவமணி அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்து நர்ஸ், "ஹால்ல படுக்கச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. தவமணி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அன்று பகல் நான் நன்றாகத் தூங்கினேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அடுத்த வாரம் தொழிற்சாலை வாசலில் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். கண் இரண்டும் சிவந்து, கீழே பை தொங்கியது. ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோனேன். வீட்டில் சுகம்தானே என்றேன்.

"அவருக்கென்ன, ஒரு வருசமா சேத்து வச்சதையெல்லாம் உக்காந்து பேசுறாரு அண்ணே! நைட்டு ஷிப்டு முடிஞ்சு வந்தவ எப்பத்தான் தூங்குறது? பேசாம, பிடிக்கலன்னே சொல்லியிருக்கலாம்லா நீங்க!"

உடம்பு எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று பார்க்க டாக்டர்கள் இருக்கிறார்கள், அது பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு வருகிற புகார்களைக் கேட்டுக்கொள்ளத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.