காலையில் மாறாத கியர்

எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, மூக்குக்கு நேரே பிடித்து, கண்ணை மூடிக்கொள்கிறார் பாலையா. பக்கத்து இஞ்சிக் கிடங்கின் காற்று அடங்கும்வரை காத்திருக்கிறார். பிறகு மீசையை ஒதுக்கிவிட்டு ஒரே இழுப்பு. மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வண்டி பழுது பார்க்கும் இவருக்கு ஸ்பானரெல்லாம் மூக்குக்கு அப்புறந்தான்.

வண்டிக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "வண்டி பொய் சொல்லாது, ஓட்டறவன்தான் சொல்லுவான். பின்னே, கேட்டுக் கண்டுபிடிக்க நான் என்ன போலீசா?" இதே மனிதர் சாயாக்கடையில் உட்கார்ந்தால், எந்த வீட்டில் எதற்குச் சண்டை என்று போலீசே வெட்கப்படும்படி துருவுவார்.

போன மார்கழியில் வந்து சேர்ந்தது தேங்காயெண்ணெய்த் தரகர் வெங்கிடேஸ்வரனின் வண்டி. தேயிலைக் கம்பெனித் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போன அமெரிக்க ஸ்டேஷன் வேகன். ஒரு குடும்பமும் அதன் சம்பந்தி வீடும் சேர்ந்து ஏறலாம். கிளச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். காலை வேளைகளில் அதுதான் நடக்கவில்லை. முதல் கியரிலேயே கதறிக்கொண்டு மாட்டுவண்டிக்குப் பின்னால் போகிறது என்றார் தரகர்.

பாலையா கொட்டகையைத் திறப்பதே வெயில் ஏறிய பிறகு. அந்நேரத்தில் வண்டி வெண்ணெயில் விட்ட கத்தியாக ஓடியது.

"ஒரு கொழப்பமும் இல்லை, சாமி."

"காத்தால வந்து பாரேன், பாலையா! தெருவே எழுந்துக்கற மாதிரி கத்தறதாக்கும்."

"துரை காலையில நேரத்தோட எந்திரிச்சிருக்க மாட்டாரு. அந்தப் பழக்கம் வண்டிக்கும் ஒட்டியிருக்கும்."

இந்த விளக்கத்தில் பாலையா பூரண திருப்தி அடைந்தார். தரகர் அடையவில்லை. எனவே பாலையா கியருக்குப் போகும் இணைப்பை ஒரு வாரம் முறுக்கிவைத்தார். மறு வாரம் அதையே தளர்த்திவைத்தார். இரண்டுமே நல்ல வேலை என்றுதான் இன்றும் சொல்கிறார்.

ஆனால் மோந்து பார்க்கும் போதெல்லாம் தேங்காயெண்ணெய் மணத்தது. தரகரின் குடையும் சீட்டும் அப்படி மணப்பது நியாயம். கியர்ப்பெட்டிக் கம்பி ஏன் மணக்கவேண்டும்? மூக்கைச் சந்தேகிக்க மனம் வராமல் பாலையா தன் தலையைச் சந்தேகித்தார். அன்றோடு தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினார். மணம் போகவில்லை. மனைவி ராக்கம்மாளையும் நிறுத்தச் சொன்னார்.

"நோவு வண்டிக்கு, பத்தியம் என் தலைக்கா?" என்று அவள் அன்றைக்கு இரண்டு பங்கு தடவிக்கொண்டாள்.

பாலையாவின் முடி காய்ந்து, தேங்காய் நார்போல் விறைத்து நின்றது. "சேட்டா, கரண்ட் அடிச்சோ?" என்று சாயாக்கடையில் விசாரித்தார்கள்.

கடைசியில் தரகருக்குப் பொறுமை போயிற்று. "நாளைக் காத்தால வண்டி பிராட்வேக்குப் போறது. முகமது இஸ்மாயில் பாத்துக்கட்டும்."

பாலம் தாண்டி பிராட்வேயில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் இஸ்மாயிலிடம் பெயர்ப்பலகை உண்டு, பங்கா உண்டு. எல்லாவற்றையும்விட மோசம், அவர் வருகிறவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். "அந்த வண்டி பாலம் ஏறிச்சுன்னா, நான் இந்தக் கொட்டகையில கப்பைக்கிழங்கு அவிச்சு விக்கவேண்டியதுதான்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்த பாலையாவுக்குத் தூக்கம் வரவில்லை. வழக்கத்துக்கு விரோதமாக விடியும்போதே எழுந்தார்.

அடுக்களையில் ராக்கம்மாள் எண்ணெய்க் குப்பியை அடுப்பின் பக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தாள். "குளிருக்கு உறைஞ்சு கெடக்கு. வெயில் வந்தாத்தான் தானா இளகும்."

பாலையா குப்பியைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் சட்டையில்லாமல் தெருவில் ஓடினார்.

தரகர் வீட்டு வாசலில் டிரைவர் அழகர் வண்டியை வெளியே எடுத்துவிட்டார்; தரகர் பின்சீட்டில் இருந்தார். முதல் கியரில் அது அலறிக்கொண்டு வர, பாலையா குறுக்கே நின்று கையை விரித்தார். மூடியைத் தூக்கினார். கம்பியை உருவினார். நுனியில் வெள்ளையாக ஒரு திரள் ஒட்டியிருந்தது.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்காததை அப்போது கேட்டார்.

"சாமி, கியருக்கு என்ன எண்ணெய் ஊத்தினீங்க?"

"கொறஞ்சிருந்ததுன்னு நம்ம சரக்குதான் விட்டேன்" என்று தரகர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணாம் தரமாக்கும்! துளி கலப்படம் கிடையாது. அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே?"

"அப்ப பிராட்வே?" என்றார் அழகர், எஞ்சினை அணைத்துவிட்டு.

பாலையா அந்த வெள்ளையை விரலால் வழித்தார். மீசையை ஒதுக்கி, கண்ணை மூடி, ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு அதை இரண்டு உள்ளங்கைகளிலும் தேய்த்து இளக்கி, உச்சந்தலையில் அழுத்தித் தடவிக்கொண்டார்.